இரண்டு கொத்து அரிசியும் மாதச் சம்பளமும்

சென்ற மாதம் விலைவாசியைப் பற்றிப் பேசிய நிகழ்ச்சியின் கடைசி நிமிடத்தில் ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "சார், சோஷலிச நாடுகளில் சம்பளம் ரொம்பக் குறைவு என்கிறீர்கள். ஆனால் அங்கே அரிசி மலிவு, பஸ் மலிவு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இலவசம். இங்கே சன்னிவேலில் கை நிறைய வாங்குகிறோம், அதில் பாதி வாடகைக்குப் போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாருக்கு அதிகம் மிஞ்சுகிறது?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்கான இசை தொடங்கிவிட்டது. நல்ல கேள்வி என்பதால் அதற்கென்றே ஒரு பேச்சு ஒலிபரப்பினோம். அதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

சம்பளத்தை நாம் வழக்கமாக ஒப்பிடுவது நாணய மாற்று விகிதத்தை வைத்துத்தான். அங்கே இத்தனை ரூபாய், அது இத்தனை டாலர், ஆகவே பாவம் ஏழைகள் என்று முடித்துவிடுவோம். கணக்குப் பார்க்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் உழைத்தால் எத்தனை படி அரிசி, எத்தனை முழம் துணி, எத்தனை நாள் வாடகை என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயர் வாங்கும் சக்தி. சந்தைப் பொருளாதாரத்தில் இந்தக் கணக்கு ஒப்பீட்டளவில் சுலபம்: சம்பளத்தை விலையால் வகுத்தால் போதும். விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிற நாட்டில் அந்த வகுத்தல் உண்மையைச் சொல்லாது. ஏன் சொல்லாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ரஷ்யாவை வைத்தே இதை விளக்கலாம். ஆனால் நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 1970 முதல் 1977 வரை இலங்கை. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சியும், லங்கா சமசமாஜக் கட்சியும், கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த ஐக்கிய முன்னணி ஆட்சி. 1975 வரை நிதி அமைச்சர் சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா. ரஷ்யாவைப் போல எல்லாமே அரசுடைமை ஆகிவிடவில்லை. சொந்தக் காணி இருந்தது, முதலாளி கடைகளும் இருந்தன. ஆனால் அரிசி, மா, சீனி, துணி, இறக்குமதி, அந்நியச் செலாவணி, எல்லாவற்றின் கடிவாளமும் அரசாங்கத்தின் கையில். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பின்னாளில் சென்னையில் வணிகவியல் படித்தவன். அந்த ஆட்சி முடியும்போது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் இந்த உதாரணத்தை எடுப்பதற்குக் காரணம் ஊர்ப்பாசம் அல்ல. ஒரே விலைப்பட்டியலின் கீழ் மூன்று விதமான தமிழர்கள் வாழ்ந்தார்கள். மூவரின் கணக்கும் மூன்று விதமாக முடிந்தது.

முதலில் அரிசிக் கூப்பனின் கதை. இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது உலகப் போரின்போது, 1942ல். போர் முடிந்தும் அது போகவில்லை. 1953ல் டட்லி சேனநாயக்காவின் அரசு பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. (இலங்கையில் கொத்து என்பது ஏறக்குறைய 2 இறாத்தல், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சதம் என்பது ரூபாயில் நூறில் ஒன்று.) ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடே நின்றது. ஹர்த்தால் என்று இன்றும் அந்த நாளைச் சொல்வார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அரிசி விலையில் கை வைத்தால் நாற்காலி போகும் என்பது அன்றே எல்லாக் கட்சிக்கும் பாடமாகிவிட்டது.

இதே பாடத்தை ரஷ்யாவும் படித்தது. 1962 ஜூன் 1ஆம் தேதி குருஷ்சேவ் அரசு இறைச்சி, வெண்ணெய் விலைகளை ஏற்றியது. நோவோசெர்காஸ்க் என்ற ஊரில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு அருகில் அந்த விலையைத் தொட அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை.

இலங்கையில் 1966ன் இறுதியில் மறுபடி டட்லி அரசுதான் வேறு வழியைக் கையாண்டது. விலையைத் தொடாமல் அளவைத் தொட்டது. ஆளுக்கு வாரம் இரண்டு கொத்தாக இருந்த அரிசி ஒரு கொத்து ஆயிற்று. ஆனால் அந்த ஒரு கொத்து இலவசம். 1970 தேர்தலில் எதிரணி "இரண்டாவது கொத்தும் தருவோம்" என்றது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டு வருவோம் என்று மேடையில் பேசியதாக இன்றும் கேலியாகச் சொல்வார்கள். வென்றார்கள், இரண்டாவது கொத்தை 75 சதத்துக்குக் கொடுக்கவும் செய்தார்கள்.

இப்போது இதைச் சம்பளமாக எழுதிப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பம். வாரம் 10 கொத்து, மாதம் 40 கொத்து. அதில் 20 இலவசம், 20 கொத்து 75 சத விலையில், ஆக மொத்தம் 15 ரூபாய். வெளிச்சந்தையில் கொத்து ஒன்றரை ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 60 ரூபாய் அரிசி 15 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி 45 ரூபாய், சம்பளப் பட்டியலில் இல்லாத சம்பளம். கையில் 150 ரூபாய் வாங்குகிற தொழிலாளிக்கு உண்மையில் 195 ரூபாய். இதோடு 1945 முதல் நடைமுறையில் இருந்த இலவசக் கல்வி, இலவச வைத்தியம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். இவற்றைச் சமூகக் கூலி என்பார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1946ல் இலங்கையரின் சராசரி ஆயுள் 43 வயதை ஒட்டி இருந்தது. 1971ல் 65ஐ ஒட்டி வந்துவிட்டது. இவ்வளவு குறைந்த வருமானம் உள்ள நாட்டில் இது எப்படி நடந்தது என்று அமர்த்தியா சென் போன்றவர்கள் எடுத்து எழுதினார்கள். மலேரியா ஒழிப்புக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கூப்பன் அரிசிக்கும் உண்டு. ஆகவே "சோஷலிசம் என்றால் வரிசையும் பஞ்சமும்தான்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள், பேரேட்டில் வரவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிறவர்கள்.

செலவுப் பக்கம் என்ன?

சந்தையில் ஒரு பொருள் குறைந்தால் விலை ஏறும். ஏறின விலையைப் பார்த்துச் சிலர் வாங்காமல் போவார்கள். சிலர் அதிகமாக விளைவிப்பார்கள். விலை ஏறக் கூடாது என்று சட்டம் போட்டால், பொருள் அதனால் பெருகிவிடாது. யாருக்குக் கிடைக்கும் என்பதை விலைக்குப் பதில் வேறொன்று தீர்மானிக்கும். அது வரிசையாக இருக்கலாம், கூப்பனாக இருக்கலாம், கடை மனேஜரின் சிநேகமாக இருக்கலாம். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்நாய் 1980ல் இதற்கென்றே 'பற்றாக்குறையின் பொருளாதாரம்' என்று ஒரு பெரிய நூல் எழுதினார். பற்றாக்குறை என்பது அந்த முறையில் அவ்வப்போது நேர்கிற விபத்தல்ல, அந்த முறையிலேயே பிறப்பது என்பது அவர் கட்சி. தொழிற்சாலை நட்டத்தில் ஓடினாலும் அரசு தாங்கிக்கொள்ளும். ஆகவே அது கிடைத்த மூலப்பொருளையெல்லாம் வாங்கிக் குவிக்கும். கடைக்கு வருவது குறையும்.

ரஷ்யாவில் 1980களின் நடுவில் சராசரி மாதச் சம்பளம் 190 ரூபிளை ஒட்டி இருந்தது. அரசாங்கக் கடையில் மாட்டிறைச்சி கிலோ 2 ரூபிள். வகுத்துப் பார்த்தால் மாதம் 95 கிலோ இறைச்சி! எந்த நாட்டுத் தொழிலாளிக்கு இது வாய்க்கும்? ஆனால் கடைக்குப் போனால் கொக்கியில் ஒன்றும் தொங்காது. பக்கத்துக் கூட்டுப்பண்ணைச் சந்தையில் இருக்கும். விலை இரண்டு மூன்று மடங்கு. வீட்டு வாடகை 1928ல் நிர்ணயித்தது, அப்படியே இருந்தது. சன்னிவேலில் வாடகை கட்டுகிறவர்களுக்கு இதைக் கேட்டாலே கண் கலங்கும். ஆனால் அந்த வீடு கிடைப்பதற்குப் பத்தாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. செலவழிக்க வழியில்லாத ரூபிள்கள் சேமிப்பு வங்கியில் குவிந்தன. 1992ல் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தபோது அத்தனை பேரின் ஆயுட்காலச் சேமிப்பும் சில மாதங்களில் கரைந்தது. கையில் இருந்த பணம் அதற்கு முன்பே பாதி பொய். அன்று அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இலங்கைக்கு வருவோம். 1972க்கும் 1974க்கும் இடையில் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சீனி விலைகள் எகிறின. 1973ன் இறுதியில் எண்ணெய் விலையும் சேர்ந்துகொண்டது. அரிசியில் பெரும் பகுதியையும் மாவையும் சீனியையும் இறக்குமதி செய்த நாடு அது. தேயிலை விற்றுக் கிடைத்த செலாவணி போதவில்லை. அரசு பங்கீட்டைக் குறைத்தது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இலவச அரிசி நின்றது; 1973ன் பிற்பகுதியில் மற்றவர்களின் அளவும் வெட்டப்பட்டது. மாவின் விலையும் ஏறியது. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு பரிமாறக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு போக முடியாது. தெருவில் தடை போட்டுப் பஸ்ஸைச் சோதித்தார்கள். மகள் வீட்டுக்கு இரண்டு கொத்து அரிசி கொண்டு போகிற கிழவியும் கடத்தல்காரி ஆனாள். பாண் வாங்க விடியற்காலை நாலு மணிக்குப் போய்க் கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். (பாண் என்றால் பிரெட். தமிழ்நாட்டு நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) நானும் என் தமக்கையும் மாறி மாறி நின்றிருக்கிறோம். அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தரவில்லை, அதை யாரும் செலவு என்று எழுதவும் இல்லை. இரண்டு மணி நேரம் நின்று வாங்கிய பாணின் விலை, சட்டியில் போட்ட சில்லறை மட்டுமா?

மேல் மட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. ஒருவர் கையில் எடுத்துச் செல்லும் வருமானம் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றார் பெரேரா. 1970ல் 50, 100 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. 1972ல் நிலத்துக்கு உச்சவரம்பு, 1973ல் வீடுகளுக்கு. நோக்கம் சமத்துவம். ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டால் என்ன ஆகும் என்பதை எந்தக் கணக்காளரும் சொல்வார்: பணமாகக் கொடுக்க முடியாததைக் காராக, பங்களாவாக, வெளிநாட்டுப் பயணமாகக் கொடுப்பார்கள். அது எதுவும் கிடைக்காத டாக்டர்களும் என்ஜினியர்களும் இங்கிலாந்துக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறினார்கள்.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கிற விஷயம். வாழ்க்கைச் செலவு ஏறியதா என்று அளக்க அன்று இருந்த அளவுகோல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். 1949-50ல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த கணக்கை வைத்து, 1952ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. எழுபதுகளிலும் அதே கூடை. பெரும்பாலும் அரசு நிர்ணயித்த விலைகளையே அது பதிவு செய்தது. பொருள் கடையில் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை.

நம்முடைய ஐந்து பேர் குடும்பத்துக்குத் திரும்புவோம். மறுபடியும் சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக. பங்கீடு பாதியாகிறது என்று கொள்வோம். விலையில் ஒரு சதமும் மாற்றமில்லை. மாதம் 20 கொத்து கூப்பனில். அதில் 10 இலவசம், 10 கொத்துக்கு ஏழரை ரூபாய். குறைந்துபோன 20 கொத்தை வெளியே வாங்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே ஓடுவதால் அங்கே கொத்து 4 ரூபாய். ஆக 80 ரூபாய். மொத்தம் எண்பத்தேழரை. முன்பு அதே அரிசிக்கு 15 ரூபாய் கொடுத்த குடும்பம் இது. சுட்டெண் என்ன சொல்லும்? கூப்பன் அரிசி விலை மாறவில்லை, ஆகவே அரிசி விலை ஏறவில்லை என்று சொல்லும். அந்தச் சுட்டெண்ணை வைத்துத்தான் வாழ்க்கைச் செலவுப் படி கணக்கிடப்பட்டது. ஒரு பொய்யும் எழுதாமல், ஒரு எண்ணையும் திருத்தாமல், ஒருவருடைய சம்பளத்தைப் பாதியாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் படித்ததில்லை. பின்னாளில் இலங்கை மத்திய வங்கியின் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சுட்டெண்ணின் குறை புதிதல்ல.

சரி, மூன்று தமிழர்கள் என்று சொன்னேனே.

முதலாமவர் கொழும்பில் கந்தோரில் வேலை பார்க்கும் லிகிதர். இலங்கையில் கிளார்க்கை அப்படித்தான் சொல்வோம். மாதச் சம்பளம் நிச்சயம். பென்ஷன் நிச்சயம். ஆனால் வாங்கப் பொருள் இல்லை. அவருக்குச் சம்பளம் இருந்தது, சந்தை இல்லை. அவர் கஷ்டப்பட்டார்; மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டார்; அரசைத் திட்டினார்; ஆனால் பிழைத்துக்கொண்டார். இவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலருடைய அப்பாவும் பெரியப்பாவும் இவர்தான்.

இரண்டாமவர் யாழ்ப்பாணத்து விவசாயி. செலாவணியை மிச்சம் பிடிக்க அரசு செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவிலிருந்து வந்த மிளகாய் நின்றதும், கிணற்றுத் தண்ணீரை இறைத்துச் செம்மண்ணில் பயிரிட்டவனுடைய மிளகாய்க்கு ராஜயோகம் அடித்தது. படித்த இளைஞர்கள் வன்னிக்குப் போய் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களில் மிளகாய் போட்டார்கள். என் தாய்மாமன் ஒருவர் மிளகாய்க் காசில்தான் ஓலை வீட்டைக் கல்வீடாக மாற்றினார். சிறிமாவோவை வேறு எதற்காகவெல்லாம் திட்டினாலும், "அம்மா காலத்தில் மண்ணுக்கு மதிப்பிருந்தது" என்று பெருமூச்சு விடுகிற முதியவர்களை இங்கே வளைகுடாப் பகுதியில்கூட நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த மிளகாயின் விலையைக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும். வாங்கித் தின்றவர்கள் கொடுத்தார்கள். கூலிக்காரனுடைய குழம்பிலிருந்து வந்ததுதான் எங்கள் கல்வீடு.

மூன்றாமவர் மலையகத் தோட்டத் தொழிலாளி. நாட்டுக்குச் செலாவணி ஈட்டித் தந்தவர்களில் முதலிடம் அந்தப் பெண்ணுக்கு. அவள் பறித்த தேயிலையை விற்றுத்தான் மற்றவர்களின் கூப்பன் அரிசியே வந்தது. 1948 சட்டத்தால் அவளுடைய குடியுரிமை போயிற்று. 1964ல் சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974ல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஓட்டில்லாத மக்கள். அரிசியைக் கூட்டுவதும் குறைப்பதும் தேர்தலை வைத்து நடந்த நாட்டில், ஓட்டில்லாதவருக்கு என்ன பேரம் பேச முடியும்?

அவளுடைய சம்பளம் நாட்கூலி. வேலைக்குப் போன நாளுக்குத்தான் பேர் விழும். அந்த ஆண்டுகளில் தோட்டங்கள் வேலை நாட்களையும் குறைத்தன. பங்கீடு குறைந்தபோது கிராமத்துச் சிங்களக் குடும்பத்துக்கு வளவில் ஒரு பலா மரம், நாலு மரவள்ளி, கொஞ்சம் வயல் இருந்தது. லயத்தில் பத்தடி அறையில் இருந்தவளுக்கு அடி மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். மலைநாட்டுத் தோட்டங்களில் நெல் விளையாது. பக்கத்து மாவட்டத்திலிருந்து கொண்டு வரத் தடை. ரொட்டி சுட்டுத் தின்ற மாவுக்கும் விலை ஏறிவிட்டது. கூப்பன் குறைந்தால் லிகிதர் கள்ளச்சந்தையில் வாங்கினார், விவசாயி விளைத்தார். இவள் பட்டினி கிடந்தாள். இது உணர்ச்சி வசப்பட்டுச் சொல்வதல்ல. 1974ல் தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் சட்டென்று ஏறியது பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு தோட்டங்களில் பிறந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் நாட்டுச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சராசரி ஆயுளில் உலகமே மெச்சிய நாடு அது.

பசி தாங்காமல் பல குடும்பங்கள் மலையிறங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்தன. வந்து என்ன செய்தார்கள்? எங்கள் ஆட்களின் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். அந்தக் கூலியை யாழ்ப்பாணத்தார் எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதப் புகுந்தால் கட்டுரை நீண்டுவிடும், கௌரவமாகவும் இருக்காது.

ஒரே அரசு, ஒரே விலைப்பட்டியல், ஒரே ரூபாய். ஒருவருக்கு அது தேங்கியது, ஒருவருக்குப் பெருகியது, ஒருவருக்கு உயிரையே காக்கவில்லை. "சோஷலிச நாட்டில் வாங்கும் சக்தி எவ்வளவு?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது என்பது இதனால்தான். ரூபாயோடு கூப்பன், நேரம், ஒரு துண்டு நிலம், ஒரு ஓட்டு, இவற்றில் எத்தனை உன்னிடம் இருந்தன என்று கேட்க வேண்டும்.

1977 ஜூலைத் தேர்தலில் ஜெயவர்த்தனாவின் கட்சி 168ல் 140 இடங்களைப் பிடித்தது. அவர்களும் ஆளுக்கு வாரம் எட்டு இறாத்தல் தானியம் என்று வாக்களித்துத்தான் வந்தார்கள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அந்த நவம்பரில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அரிசித் தடை போயிற்று, பாண் வரிசை போயிற்று, கடைகளில் ஜப்பான் ரேடியோ வந்தது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின. மிளகாய்க்காரரின் யோகம் முடிந்தது. 1978ல் கூப்பன் அரிசி மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. 1979ல் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது.

கணக்குத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கூப்பன் கொடுத்தது கொத்து. முத்திரை கொடுத்தது ரூபாய். கொத்து எப்போதும் கொத்துதான். ரூபாய் அப்படி இல்லை. 1980ல் மட்டும் பணவீக்கம் 26 சதவிகிதம், அதுவும் அந்தப் பழைய சுட்டெண்படி. முத்திரையின் முகமதிப்பை ஏற்றவில்லை. நாலைந்து ஆண்டுகளில் அது வாங்கிய உணவு ஏறக்குறைய பாதியாயிற்று. ஹர்த்தால் இல்லை, ஊர்வலம் இல்லை. 1953ல் 45 சதம் ஏற்றியதற்கு அரசு ஆடிப்போன அதே நாட்டில், மானியத்தில் பாதி சத்தமில்லாமல் போய்விட்டது. அதிலும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு தனி அநியாயம். அவள் கூலி செக்ரோலில் எழுதப்பட்டது. கணவன் கூலியும் மகன் கூலியும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். வருமானத்துக்குத் தாளில் சாட்சி இல்லாத சில்லறை வியாபாரிக்கு முத்திரை கிடைத்தது.

இந்த வித்தியாசம் இங்கேயும் இருக்கிறது. அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உள்ள விக் திட்டத்தில் பெரும்பாலும் இத்தனை பால், இத்தனை முட்டை என்று அளவாகத் தருகிறார்கள். ஸ்னாப் என்ற உணவு உதவி டாலராக வருகிறது. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் விலைவாசிக்கு ஏற்ப அதைத் திருத்துகிறார்கள். சன்னிவேல் நகரத்தின் குறைந்தபட்சக் கூலியும் ஒவ்வொரு ஜனவரியிலும் அப்படியே திருத்தப்படுகிறது. 2025ல் அது மணிக்கு 19 டாலர். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். அங்கே அட்டைக்குக் கிலோக் கணக்கு. கிலோவைக் குறைத்தால் தெருவில் சண்டை வரும், எல்லோருக்கும் தெரியும். ரூபாயாகக் கொடுங்கள், அதுதான் நவீனம் என்று சொல்கிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எந்தச் சுட்டெண்ணோடு கட்டுவீர்கள், அதை யார் எழுதுவார்கள்?

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மார்ச்சில், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆயிற்று. அடுத்த ஆண்டே டாலர் தீர்ந்து, எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மறுபடி வரிசை. அப்போது ஆட்சியில் இருந்தது சமசமாஜக் கட்சி அல்ல; கூப்பன் புத்தகத்துக்குப் பதில் கைத்தொலைபேசியில் கியூ.ஆர். கட்டம் வந்தது, வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று. 2022 செப்டம்பரில் கொழும்புச் சுட்டெண் (கூடையை இப்போது புதுப்பித்துவிட்டார்கள்) ஓராண்டில் ஏறக்குறைய 70 சதவிகித ஏற்றத்தைக் காட்டியது. தோட்டத்தில் சம்பளம் அன்றும் 1,000 ரூபாய்தான். 1,000ஐ 1.7ஆல் வகுத்தால் 588 ரூபாய் வருகிறது.

அடுத்த மாதப் பேச்சு வரிப் பருவத்தை முன்னிட்டு, இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இங்கே என்னென்ன படிவம் நிரப்ப வேண்டும் என்பது பற்றி. கேள்விகளை முன்கூட்டியே நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், கடைசி நிமிட இசைக்கு முன்னால் பதில் சொல்லிவிடலாம்.